தன் இனத்தின் பெயர்

வங்கிக் கணக்கைக் கணிப்பொறிக்கு விவரித்துச் சொல்ல முற்படும் நிரலர் ஒருவர், ‘கணக்கு’ என்றொரு வர்க்கத்தை வகுத்து, அதில் பணம் செலுத்துவதற்கான மெத்தடை எழுதிவைத்த பின், அதன் வழித்தோன்றலாகச் ‘சேமிப்புக் கணக்கு’ என்னும் வர்க்கத்தைப் படைத்து, வட்டி சேர்க்கும் மெத்தடை அதற்கு மட்டும் உரியதாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தோன்றிய மதிப்பை அழித்துத் திருத்தலாகாது என்பது அவர் கைக்கொள்ளும் ஃபங்ஷனல் நிரலாக்கத்தின் நியமம். ஆகையால் பணம் செலுத்தியதும் பழைய கணக்கு அப்படியே நிற்க, கூடிய தொகையோடு புதிய கணக்கொன்று விடையாக வருகிறது. அந்த விடையின் வகையைத் தாய் வர்க்கத்தை எழுதியவர் ‘கணக்கு’ என்று மட்டுமே குறிக்க முடிந்திருக்கிறது. எனவே சேமிப்புக் கணக்கில் நூறு ரூபாய் செலுத்திய கையோடு வட்டியையும் சேர்க்கச் சொன்னால், இது வெறும் கணக்கு, இதற்கு வட்டி கிடையாது என்று கம்பைலர் மறுத்துவிடுகிறது.

இதைச் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. மறுப்பைத் தாண்டுவதற்காக நிரலர் ‘காஸ்ட்’ செய்து, இது சேமிப்புக் கணக்குத்தான், என் வாக்கை நம்பு என்று கம்பைலருக்கு உறுதியளிக்கிறார். நிரல் ஓடுவதற்கு முன்பே பிழையைக் காட்டித் தரும்பொருட்டு ஏற்பட்ட சாதனத்தை, அதை நம்பி உழைப்பவரே வாயடைக்கும்படி நேர்வது அவருடைய குற்றமன்று, மொழியின் குறை. எந்தப் பொருளின்மீது மெத்தட் அழைக்கப்பட்டதோ அதன் இனமே விடையின் இனமும் என்று உரைப்பதற்கு ஒரு சொல்லை மொழியே கொடுத்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மொழி கொடுக்காத இடத்தில் அறிஞர்கள் உபாயம் தேடினார்கள். பீட்டர் கேனிங், வில்லியம் குக் முதலிய ஐவர் 1989-இல் விளக்கிய முறைப்படி, சேய் வர்க்கம் தன் பெயரைத் தாய்க்கு வகை அளபுருவாக எடுத்துக் கொடுக்கிறது. 2004-இல் வந்த ஜாவா மொழியின் 5-ஆம் பதிப்பிலுள்ள ‘ஈனம்’ (Enum) வர்க்கம் இவ்விதமே வரையப்பட்டது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆயினும் ‘நடப்புக் கணக்கு’ என்ற இன்னொரு சேய் வர்க்கத்தை எழுதுகிறவர் தன் பெயருக்குப் பதிலாகச் சேமிப்புக் கணக்கின் பெயரைத் தவறிக் கொடுத்துவிட்டால், கம்பைலர் அதை ஆட்சேபிப்பதில்லை.

இவ்விஷயத்தில் என் மதிப்பைப் பெரிதும் பெற்றது 1996-இல் பிரான்ஸிலிருந்து வந்த ஆப்ஜெக்டிவ் கேமல் மொழி. அதில் ஒரு பொருள் தன்னையே பிரதி எடுத்து, வேண்டிய புலத்தை மட்டும் மாற்றித் தரும்படி ஒரே தொடரால் சொல்லிவிடலாம். அப்பிரதி அழைத்த பொருளின் இனத்தையே உடையது என்பதைக் கம்பைலர் அறியும். வட்டி விகிதம் போன்று சேயிடம் மட்டும் உள்ள புலங்களைத் தாய் வர்க்கம் கண்டிராதபோதிலும் அவை பத்திரமாகக் கூடவே வந்து சேர்கின்றன. ஸ்காலா மொழியின் ‘திஸ் டைப்’ இதற்கு ஈடாகாது. அது ‘இதே இனம்’ என்று சொல்லவில்லை, ‘இதே பொருள்’ என்று சொல்கிறது. தன்னையே மாற்றிக்கொண்டு தன்னையே திருப்பித் தரும் மெத்தடுக்கு அது போதும், புதிய பொருளைப் பிறப்பிக்கும் மெத்தடுக்குப் போதாது. அம்மொழியின் கலெக்ஷன் நூலகம் இந்தச் சிக்கலோடு எவ்வாறு போராடியது என்பதை மார்ட்டின் ஒடெர்ஸ்கியும் ஏட்ரியன் மூர்ஸும் 2009 டிசம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த மாநாட்டுக்கு அளித்த கட்டுரையில் விவரித்தார்கள். அங்கே அவர்கள் முன்வைத்த ‘கேன் பில்ட் ஃபிரம்’ என்னும் யந்திரம் 2010-இல் 2.8-ஆம் பதிப்போடு வந்து, பயில்வோரை மிரட்டும் சிக்கலான வகைக் குறிப்புகளை உண்டாக்கி, 2019-இல் 2.13-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

தன் இனத்தைக் குறிக்கும் சொல்லுக்கு எல்லையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. விடையில் வரும்போது அது தீங்கற்றது. மெத்தடின் உள்ளீட்டில் வந்தால் நிலைமை வேறு. தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றோடு ஒப்பிடும் மெத்தட் ஒன்று இருக்க, சேமிப்புக் கணக்கை வெறும் கணக்காகப் பாவித்து அதனிடம் ஒரு நடப்புக் கணக்கை நீட்டினால், அதில் இல்லாத வட்டி விகிதத்தைக் கேட்டு நிரல் இடறும். மரபுரிமை வேறு, உள்வகையாதல் வேறு என்று குக், ஹில், கேனிங் மூவரும் 1990-இல் நிலைநாட்டியது இதனால்தான். பி.எச்.பி. மொழி 2020-இல் தன் 8-ஆம் பதிப்பில் ‘ஸ்டேட்டிக்’ என்ற சொல்லை விடையின் வகையாக ஏற்று, உள்ளீட்டின் வகையாக விலக்கியது விவேகமான தீர்மானம் என்பேன். பைத்தானும் 2022-இல் 3.11-ஆம் பதிப்பில் ‘செல்ஃப்’ என்னும் வகையைச் சேர்த்துக்கொண்டது. 1995-இல் பிறந்து உலகெங்கும் வங்கிக் கணக்குகளை நிர்வகித்துவரும் ஜாவாவுக்கோ, விடையில் மட்டும் வழங்கும் அத்தகைய சொல்கூட இன்றளவும் அளிக்கப்படவில்லை.