புதிய உந்துருளியும் பழைய அலட்சியமும்

வாகன இறக்குமதிக்கு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய உந்துருளிகளின் விலை, ஒரு காலத்தில் புதியவற்றுக்கு இருந்த விலையையும் தாண்டிச் சென்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்பொழுது காட்சியறைகளில் மீண்டும் புதிய உந்துருளிகள் வரிசையாக நிற்கின்றன. குடாநாட்டிலும் தீவகத்திலும் பல குடும்பங்கள் சேமிப்பைத் திரட்டியும், நகையை அடகு வைத்தும், மாதத் தவணையை ஏற்றும் அவற்றை வாங்குகின்றன. இந்த வேளையில் நாம் பேச விரும்புவது வாங்குவதைப் பற்றியன்று. வாங்கிய பின்னர் நேர்வதைப் பற்றியதாகும்.

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை உந்துருளிகளே. தீவகத்தைப் பொறுத்தவரை அது வசதியின் அடையாளமன்று, வாழ்வாதாரத்தின் ஓர் உறுப்பு. சாட்டியில் இருந்து அதிகாலையில் மீன் பெட்டியுடன் புறப்படும் வியாபாரியும், மண்கும்பான், அல்லைப்பிட்டி கடந்து பண்ணை வழியாக யாழ். நகருக்கு வேலைக்குச் செல்லும் ஊழியரும், வாணர் தாம்போதி வழியாகக் குறிகட்டுவான் சென்று நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறும் ஆசிரியரும் அதனை நம்பியே நாளைத் திட்டமிடுகின்றனர். இருபுறமும் கடல் விரிந்து கிடக்கும் பாதையில், ஒதுங்குவதற்கு ஒரு மரநிழலும் இல்லாத இடத்தில், வாங்கிச் சில மாதங்களே ஆன வாகனத்தின் இயந்திரம் திடீரென நின்றுபோனால் அதனை வெறும் அசௌகரியம் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் பேருந்தோ பாரவூர்தியோ வருமாயின் அது உயிராபத்து.

இத்தகைய குறைபாட்டுடன் முகவரிடம் செல்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்கள் நாம் அறிந்தவையே. "உப்புக்காற்று பட்டால் அப்படித்தான்", "எரிபொருள் சரியில்லை", "ஓட்டிய விதம் பிழை". இவற்றில் உண்மை அறவே இல்லை என்று நாம் கூறவரவில்லை. கடற்காற்றில் சங்கிலியும் திருகாணிகளும் மின்னிணைப்புகளும் விரைவாகத் துருவேறும் என்பது உண்மை. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாதவர்களும், மேலதிக ஒலிப்பானும் விளக்கும் பூட்டுவதற்காக வயர்களை வெட்டி ஒட்டுபவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவ்வாறான பழுதை உற்பத்தியாளரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆயினும் ஆராய்ந்த பின்னர் சொல்லவேண்டிய காரணத்தை, வாகனத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே சொல்லி அனுப்புவது எந்த வகையில் நியாயம் என்பதே எமது கேள்வியாகும்.

உற்பத்திக் குறைபாடு என்பது கற்பனையன்று. மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் அது நேர்கின்றது. சென்னையைத் தளமாகக் கொண்ட றோயல் என்பீல்ட் நிறுவனம் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் 2 இலட்சத்து 36 ஆயிரத்து 966 உந்துருளிகளைத் திருப்பி அழைத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் தயாரான மீற்றியோர், கிளாசிக், புல்லட் ரகங்களில் பொருத்தப்பட்ட தீமூட்டும் மின்சுருளில் குறைபாடு இருந்தது. அதனால் இயந்திரம் சீராக எரியாமல் தடுமாறலாம், வலு குறையலாம், அரிதாக மின்னொழுக்கும் ஏற்படலாம் என நிறுவனமே அறிவித்தது. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வாகனங்களிலேயே அந்த உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என மதிப்பிட்ட போதிலும், அக்காலத்தில் தயாரானவை அனைத்தையும் சோதிக்க முன்வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பின்சக்கரத் தடுப்பு தொடர்பான ஒரு தாங்கியின் குறைபாட்டுக்காக மேலும் 26 ஆயிரத்து 300 கிளாசிக் 350 உந்துருளிகள் அழைக்கப்பட்டன.

இந்நிகழ்வில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. உற்பத்திக் குறைபாடு ஒரு தனி வாகனத்தைச் சேர்ந்ததன்று. ஒரே காலப்பகுதியில், ஒரே உதிரிப்பாகத்துடன் வெளிவந்த தொகுதியைச் சேர்ந்தது. எனவே சாட்டியில் ஒருவரும், மன்னாரில் ஒருவரும், மட்டக்களப்பில் ஒருவரும் தனித்தனியே ஒரே பழுதைச் சொல்வார்களாயின், அந்த மூன்று முறைப்பாடுகளும் ஒரே மேசையில் சேர்ந்தால்தான் உண்மை வெளிப்படும். ஒவ்வொருவரையும் "உங்களுடைய வாகனத்தில் மட்டும்தான் இப்படி" என்று சொல்லித் திருப்பி அனுப்பும்வரை அது வெளிப்படப் போவதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, விற்கப்படும் பொருள் அதன் நோக்கத்திற்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையை ஏற்றுக்கொள்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உத்தரவாதத்திற்கு அமைவாக இல்லாத பொருள் குறித்து விசாரிக்கவும், நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடவும் அதிகாரசபைக்கு வலுவளிக்கின்றது. வாசிப்பதற்கு இது நிறைவானதாகவே தோன்றும். ஆனால் அதே பிரிவு, முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் செய்யப்பட வேண்டும் என்றும் கூறுகின்றது.

சிக்கல் இங்குதான் இருக்கின்றது. உந்துருளிக்கு வழங்கப்படும் உத்தரவாதம் மாதங்களில் அன்றி ஆண்டுகளில் கணிக்கப்படுகின்றது. உற்பத்திக் குறைபாடும் முதல் வாரத்திலேயே முகம் காட்டுவதில்லை. வெப்பத்தாலும் அதிர்வாலும் மெல்ல மெல்ல விரிந்து, ஐந்தாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ வெளிப்படுவதே வழக்கம். அப்பொழுது உத்தரவாதம் நடைமுறையில் இருக்கும். முறைப்பாட்டுக்கான மூன்று மாதங்களோ கடந்து போயிருக்கும். "அடுத்த கிழமை பார்க்கலாம்", "கொழும்பில் இருந்து சாமான் வரவேண்டும்" என்று நாளைக் கடத்தினாலே போதும், சட்டத்தின் கதவு தானாக மூடிக்கொள்ளும். பழுது தெரியவந்த நாளில் இருந்தோ, குறைந்தபட்சம் உத்தரவாதக் காலம் முடியும்வரையோ முறைப்பாடு ஏற்கப்படும் வகையில் இப்பிரிவு திருத்தப்பட வேண்டும்.

இன்னொரு சுமையும் உண்டு. குத்தகைக் கடனில் வாங்கிய உந்துருளியின் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனமே முழுமையான உரிமையாளராக இருக்கும். வாகனம் திருத்தகத்தில் ஒரு மாதம் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. ஓட முடியாத வாகனத்துக்காக, அதனால் உழைக்க முடியாத ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆத்திரத்தில் தவணையை நிறுத்தினால் வாகனமே பறிபோகும். இந்நிலையில் அவர் எவ்வளவு காலத்துக்குப் போராட முடியும்?

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலம் 1982ஆம் ஆண்டிலேயே, புதிய வாகனத்தின் ஒரே பழுது நான்கு தடவை திருத்தியும் தீராவிட்டால் அல்லது வாகனம் மொத்தமாக 30 நாட்கள் திருத்தகத்தில் முடங்கினால் வாங்கியவருக்கு மாற்றீடோ பணமோ கோரும் உரிமையை வழங்கியது. அயல்நாடான இந்தியா 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறைபாடுள்ள வாகனங்களைத் திருப்பி அழைக்குமாறு உற்பத்தியாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. நமது வீதிகளில் ஓடும் உந்துருளிகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே வருகின்றன. அங்குள்ள பாவனையாளருக்கு உள்ள பாதுகாப்பு கடலைக் கடந்ததும் ஏன் கரைந்துபோக வேண்டும்? ஒரு தொகுதி அங்கு திருப்பி அழைக்கப்பட்டால், அதே தொகுதி இங்கு விற்கப்பட்டுள்ளதா என்பதைச் சேசிஸ் இலக்கங்களுடன் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்தும் கடப்பாடு இறக்குமதியாளருக்கு இருக்க வேண்டும்.

தீவக மக்களின் நிலையைத் தனியாக எண்ணிப் பார்ப்பதும் அவசியம். நெடுந்தீவில் ஒருவரின் உந்துருளி பழுதானால் அதனைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நகருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஏற்றுக்கூலி, ஒரு நாள் உழைப்பு, அதன் பின்னர் "இன்று ஆள் இல்லை, நாளை வாருங்கள்" என்ற பதில். இலவச சேவை என்பது அவருக்கு ஒருபோதும் இலவசமன்று. விற்பதற்காகச் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் வாகனங்களைக் கொண்டுவந்து காட்சிப்படுத்தும் நிறுவனங்கள், மாதத்தில் ஒரு நாள் வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ திருத்துநர்களை அனுப்புவது அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. வேலணைப் பிரதேச செயலகம் இதற்கு முன்கை எடுக்கலாம்.

சட்டம் திருந்தும்வரை பாவனையாளரும் கைகட்டி நிற்கலாகாது. பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். பழுது தோன்றிய நாளையும் ஓடிய கிலோமீற்றரையும் குறித்து வையுங்கள். வாகனத்தை ஒப்படைக்கும்போது நீங்கள் சொல்லும் பழுது வேலைப் பத்திரத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் வெளியிடங்களில் இயந்திரத்தைத் திறக்க விடாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பியிராது முகவருக்கும் கொழும்பிலுள்ள இறக்குமதியாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தவணையை நிறுத்தாமல் நிதி நிறுவனத்துக்கும் அதனை அறிவியுங்கள். மூன்று மாதங்கள் கடக்குமுன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நாடுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1977. தமிழில் முறையிடுவதும் தமிழில் பதில் பெறுவதும் நமது உரிமை.

முகவர்கள் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. உதிரிப்பாகத்துக்காகக் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்கும் உள்ளூர் முகவரும் சில வேளைகளில் இருதலைக் கொள்ளி எறும்பாகவே இருக்கிறார். ஆனால் பொருளை விற்று இலாபத்தைப் பெறும்போது நிறுவனத்தின் பிரதிநிதியாக நிற்பவர், பழுது வரும்போது மாத்திரம் மூன்றாம் ஆளாக மாறிவிட முடியாது. விற்றவரின் பொறுப்பு சாவியைக் கையளிப்பதுடன் முடிவதில்லை என்பதை வணிகர்களும், அதனை உறுதிப்படுத்துவது தனது கடமை என்பதை அரசும் உணரவேண்டும்.