வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்



ஏப்ரலில் இருந்து நானும் என் மனைவியும் அமெரிக்காவில், வட கரோலினாவில், மகன் வீட்டில் இருக்கிறோம். இன்றைய பதிவு ஒரு டிரெய்லரைப் பற்றியது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். ஊரில் இருப்பவர்களும் படிக்கலாம். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன், கணக்கு கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அதற்கென்று என்ஜின் கிடையாது. இங்கே கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக இதை இழுத்துக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் போகிறார்கள். மகனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆஷ்வில் பக்கம் உள்ள புளூ ரிட்ஜ் மலைக்குப் போக வேண்டும், ஹோட்டல் வேண்டாம், சொந்த டிரெய்லர் வேண்டும் என்றான்.

கடைக்கு நானும் கூடப் போனேன். விற்பனையாளர் நல்ல பையன்தான். "உங்கள் எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும். இந்த டிரெய்லர் 3,800 பவுண்டுதான். இன்னும் 1,200 பவுண்டு மிச்சம் இருக்கிறது" என்றார். மகன் தலையாட்டினான். கழித்தல் கணக்கு சரிதான். ஆனால் எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் நமக்குப் பொருந்தாதவை. கணக்குக்குள் வரவேண்டிய மூன்றாவது எண்ணை யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை.

முதலில் அந்த 3,800. கிலோவில் 1,724. அது தொழிற்சாலையில் இருந்து வெளியே வரும்போது இருந்த வெற்று எடை. வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு யாரும் சுற்றுலா போவதில்லை. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர், நிரப்பினால் 150 கிலோ. கேஸ் சிலிண்டர் இரண்டு, நிறைந்திருந்தால் 34 கிலோ. பேட்டரி 25 கிலோ. பாத்திரம், போர்வை, மடக்கு நாற்காலி, துணிமணி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்து 115 கிலோ என்று வைத்தேன். மொத்தம் 2,050 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மயிலிறகும் பாரமாகும் என்பது நமக்குப் புதிதா என்ன!

அடுத்தது அந்த 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. மூன்று வரிசை இருக்கை உள்ள குடும்ப எஸ்யூவிகள் பலவற்றுக்கு இந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். பெயரை மட்டும் பார்த்து இதை நம்பக்கூடாது. டொயோட்டா ஹைலேண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டிக்கு 5,000, அதே ஹைலேண்டர் ஹைபிரிட் என்றால் 3,500. இன்னொரு விஷயம், பல நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறையில் காருக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது இரண்டே பேரை. ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர், தலைக்கு 68 கிலோ. நாங்கள் ஆறு பேர். சில வண்டிகளின் கையேட்டில், ஆள் கூடக்கூட இழுக்கும் அளவு எவ்வளவு குறையும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்?

இனி மூன்றாவது எண். மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம், பின்பாரம் என்போம். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் கழுத்தை அழுத்தும். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் ஒரு மூட்டையை நாலு விரற்கடை தள்ளி வைத்தே சரிசெய்துவிடுவார்கள். அவர்கள் நெம்புகோல் பாடம் படித்தவர்கள் இல்லை.

டிரெய்லரும் அதே வண்டிதான். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் முன்பாரமாக உட்கார வேண்டும். இங்கே அதை டங் வெயிட் என்கிறார்கள். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும், காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே குறைக்க வழியில்லை. 2,050 கிலோவில் பன்னிரண்டரை சதவீதம் என்றால் 256 கிலோ. இதைக் கார் இழுப்பதில்லை, சுமக்கிறது. ஒரு கார் எவ்வளவு இழுக்கும் என்பது வேறு, எவ்வளவு சுமக்கும் என்பது வேறு. குடும்ப எஸ்யூவியில் முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் அளவுதான்.

எவ்வளவு சுமக்கும் என்பது எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று, கிலோவிலும் பவுண்டிலும் போட்டிருப்பார்கள். கூடுதல் வசதிகள் சேர்ந்தால் இந்த அளவு குறையும். அதனால் விளம்பரத் தாளைப் பார்க்காதீர்கள். உங்கள் வண்டிக் கதவைத் திறந்து பாருங்கள். மகன் வண்டியில் 600 கிலோ என்று இருந்தது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மகன் 82, மருமகள் 63, பேத்தி 36, பேரன் 27, நான் 70, என் மனைவி 62. ஆக 340 கிலோ. காருக்குள் வைக்கும் பெட்டி, ஐஸ் பெட்டி, சைக்கிள் எல்லாம் 70. கொக்கிச் சட்டமும் கம்பிகளும் 35. கூட்டினால் 445. மிச்சம் 155 கிலோ. அதில் 256 கிலோ முன்பாரம் எப்படி உட்காரும்? நூறு கிலோ அதிகம். போதாததற்கு, கொக்கி மாட்டும் இடத்துச் சீட்டில் முன்பாரம் 227 கிலோவைத் தாண்டக்கூடாது என்று வேறு எழுதியிருந்தது.

காகிதத்தை வாங்கிப் பார்த்த மகன் சொன்னான்: "அப்பா, நான் நாலு பேருக்குத்தான் கணக்கு போட்டிருந்தேன். நீங்கதான் அக்டோபர்ல ஊருக்குப் போயிடுவீங்களே."

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் விசா அப்படித்தான். ஆனால் அடுப்படியில் நின்ற என் மனைவி காதில் அது விழுந்தது. "நாம வரலேன்னா சரியாப் போயிடும்னா நாம வீட்லயே இருந்துக்கலாங்க" என்றாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான், "அத்தை, நீங்க வரலேன்னா அந்தப் பயணமே வேண்டாம்" என்றாள்.

என் வாதத்தை இங்கேதான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிரெய்லரை முதலில் பிடித்துவிட்டு, அதற்கு இடம் கொடுக்க ஆட்களைக் குறைப்பது தலைகீழ் கணக்கு. முதலில் யார் யார் வருகிறார்கள் என்று எழுத வேண்டும். அப்புறம் சாமான். மிச்சம் எவ்வளவோ அதுதான் முன்பாரம். அந்த மிச்சத்தை எட்டால் பெருக்கினால் நீங்கள் இழுக்கக்கூடிய டிரெய்லரின் நிறைந்த எடை வரும். எங்களுக்கு 155 பெருக்கல் 8, அதாவது 1,240 கிலோ. கடைக்காரர் காட்டியது அதைவிட 800 கிலோ கூட.

சரி, நாங்கள் ஊருக்குப் போன பிறகு நாலு பேருக்காவது சரிவருமா என்று பார்த்தேன். கதவுச் சீட்டின்படி 31 கிலோ மிஞ்சுகிறது, கொக்கிச் சீட்டின்படி அப்போதும் அதிகம்தான். பேத்திக்குப் பதினொன்று, பேரனுக்கு எட்டு வயது. ஐந்து வருடத்தில் இரண்டு பேருமாக அந்த 31 கிலோவைத் தின்றுவிடுவார்கள். பிள்ளைகள் வளர்வார்கள், கதவுச் சீட்டு வளராது.

மகன் விடவில்லை. "பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற ஹிட்ச் இருக்குப்பா" என்றான். உண்மைதான். அது பின்னச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும், கார் நிமிர்ந்து நிற்கும். நல்ல கருவிதான். ஆனால் சீட்டில் உள்ள எண்ணை அது மாற்றி எழுதாது. சில கார்களின் கையேடு அதை மாட்டவே வேண்டாம் என்கிறது. படித்துவிட்டு வாங்க வேண்டும்.

"எல்லாரும் இழுத்துட்டுத்தாம்பா போறாங்க, ஒண்ணும் ஆகல" என்றும் சொன்னான். இதை நான் வகுப்பில் வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். ஹெல்மெட் போடாத பையன் சொல்வதும் இதுதான். தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆகாது. நூறாவது தடவைக்காகத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

அந்த நூறாவது தடவை எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்த இடத்தையே சொல்கிறேன். ஆஷ்வில்லில் இருந்து திரும்பும்போது ஐ-40 நெடுஞ்சாலை பிளாக் மவுண்டனைத் தாண்டி ஓல்டு ஃபோர்ட் நோக்கிச் சறுக்கிக்கொண்டு இறங்கும். ஆறு சதவீதச் சரிவு, வளைவுகள் வேறு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிப் பாதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையையும் பிரேக்தான் வெப்பமாக்கி விழுங்க வேண்டும். ஏறும்போது கார் திணறினால் மெதுவாகப் போகலாம், ஓரம் கட்டலாம். இறங்கும்போது அந்த வசதி இல்லை. இழுக்கும் சக்தியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நிறுத்தும் சக்தியைப் பற்றிப் பேசுவதில்லை.

"அப்போ பெரிய டிரக்தான் வாங்கணும்" என்றான். வருடத்தில் பத்து நாள் ஓடப்போகும் டிரெய்லருக்காக மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் டிரக் ஓட்டுவதா? என் யோசனை, டிரெய்லரைச் சிறிதாக்கு, முதலில் வாடகைக்கு எடு.

அப்படியே செய்தோம். மடக்குக் கூடார டிரெய்லர் ஒன்று கிடைத்தது. ஓடும்போது தட்டையாக இருக்கும், காற்றை எதிர்த்து நிற்காது. நிறுத்திய பிறகு விரித்தால் ஆறு பேர் படுக்கலாம். சாமானோடு 1,050 கிலோ, முன்பாரம் 131. அதிலும் தனி பிரேக் இருந்தது. அதை இயக்கும் கருவியைக் காரில் பொருத்தினோம். கிளம்பும்முன் லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்தோம். சில டாலர்தான் செலவு. அளவுக்குள் கிட்டத்தட்ட 25 கிலோ மிச்சம். என் மனைவி கொண்டுவந்த மாவு டப்பாவும் அதற்குள் அடக்கம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே கழிப்பறை இல்லை. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு முகாம் கழிப்பறைக்கு நடந்தோம். இரண்டாம் நாள் மழை, ஈரத் துணியை மடித்து வந்து வீட்டில் காயப்போட்டோம். மகனுக்கு அந்தப் பெரிய டிரெய்லர் மேல் ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் ஓல்டு ஃபோர்ட் இறக்கத்தில் அவன் தோள் இறுகாமல் ஓட்டினான். பின் இருக்கையில் என் மனைவி தூங்கிக்கொண்டு வந்தாள்.

வாங்கப்போகிறவர்கள் இவ்வளவு செய்தால் போதும். கதவுச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கிச் சீட்டையும் எடுங்கள். வருகிறவர்கள் எடையை உள்ளபடி எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். டிரெய்லரின் வெற்று எடையை விட்டுவிட்டு நிறைந்த எடையைக் கேளுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள். ஓட்டும்போது டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாக்களே, அடுத்த வருடம் போகும்போது உங்கள் எடையையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் திருத்துங்கள். பழைய மாணவர்கள் யாராவது கண்டுபிடித்தால் கூடுதல் மகிழ்ச்சி.