யன்னல் வைக்கத் துரையிடம் ஏன் கேட்க வேண்டும்?



எங்கள் லயத்துக் காம்பராவின் பின்சுவரில் ஒரு யன்னல் வைப்பதற்காக என் அப்பா தோட்ட ஒபிசுக்கு மூன்று தடவை கடிதம் கொடுத்தார். இரண்டடி அகலம், மூன்றடி உயரம். அவ்வளவுதான் யன்னல். டவுனில் இருந்த தச்சுப் பாசிடம் பேசி, அம்மாவின் சீட்டுக் காசில் அட்வான்சும் கொடுத்துவிட்டார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்குப் பெரிய கிளாக்கர், "துரை வரட்டும், பார்ப்போம்" என்றார். மூன்றாவதுக்கு வந்த பதில்: "லயம் கம்பனிச் சொத்து. சுவரில் கை வைத்தால் பொலிசுக்குப் போவோம்." செய்து முடித்த யன்னல் இஸ்தோப்பு மூலையில் சாத்தியபடியே கிடந்து கறையானுக்குப் போனது. அம்மா பென்சன் எடுக்கும் நாள் வரை அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே இருந்தார்.

இப்படி ஒரு கதை இல்லாத லயம் எந்தத் தோட்டத்திலும் இராது. ஆனாலும் வீட்டுப் பிரச்சினை என்று பேச வந்தால் நாம் கேட்பது ஒரே கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு எத்தனை வீடு? கட்டின வீட்டில் ஒரு கதவை மாற்றவும், ஓர் அறையைக் கூட்டவும் யாருக்கு அதிகாரம் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எனக்கே மலையில் இருக்கும்வரை தோன்றவில்லை. கடற்கரைக்குப் போன பிறகுதான் தோன்றியது.

ஆசிரியர் பயிற்சிக்காக அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில், கூடப் படித்த நண்பர் ஒருவர் சாய்ந்தமருதில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண் பிள்ளைக்கு ஒரு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ கொடுத்தாக வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஊர் நெருக்கம். புதுக் காணி வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே இருக்கிற வீட்டோடு சேர்த்துப் பின்னால் இரண்டு அறை எடுக்கிறார்கள்.

நண்பரின் வாப்பா கரைவலை இழுக்கும் கூலித் தொழிலாளி. நம்மை விட வசதியானவர் இல்லை. அன்று பின்னேரம் ஓடாவியார் அளவெடுக்க வந்தார். கதவு மூன்றுக்கு ஏழு. யன்னல் எத்தனை, எந்தத் திசையில், கடல்காற்று வரும் பக்கம் இரண்டு கதவா மூன்று கதவா என்று பேச்சு நீண்டது. நிலைக்கு முதிரைதான் வேண்டும் என்றார் வாப்பா. காசுக்கு வேம்பு போதும் என்றார் ஓடாவியார். உம்மா அடுப்படியில் இருந்தபடியே, குசினி யன்னல் தாழ்வாக இருந்தால்தான் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவதைப் பார்க்கலாம் என்று சத்தம் போட்டுச் சொன்னார். அவர் சொன்ன உயரத்துக்கே பென்சில் கோடு விழுந்தது. உப்புக் காற்றுக்கு இரும்புப் பிணைச்சல் நிற்காது, பித்தளை போடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சொன்னார்.

எனக்கு ஒரு சந்தேகம். "இதுக்கெல்லாம் யாருகிட்ட அனுமதி வாங்கணும்?" என்று கேட்டேன். வாப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். "மாநகர சபைக்கிப் பிளான் குடுத்தாச்சி சேர். வேற ஆருட்டக் கேக்கிற? காணி எங்கட, ஊடு மகள்ட."

காணி எங்கட, ஊடு மகள்ட. நம் அப்பாமார் யாராவது இந்த வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அந்தக் கரையோர மக்களுக்கும் வீடு சும்மா வந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு, கரையிலிருந்து தெற்கே 100 மீற்றருக்குள்ளும் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்றது அரசாங்கம். ஒரு வருடம் அலைக்கழித்த பின்புதான் அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. சொந்தக் காணியில் கட்டியவர்களுக்கு, முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, நான்கு தவணையில் கொடுக்கப்பட்டது. காசு போதவில்லை. ஆனால் மேசனை அவர்களே பிடித்தார்கள், நிலையையும் கதவையும் அவர்களே ஓடர் கொடுத்தார்கள். பிறகு கையில் காசு சேரச் சேர அறை கூட்டினார்கள். மறுபக்கம், காணி இல்லாதவர்களுக்குத் தொடர்மாடிகளும் வீட்டுத் திட்டங்களும் கட்டிக் கொடுக்கப்பட்டன. மாடி வீட்டில் மகளுக்கு எங்கே அறை எடுப்பது? வீட்டுத் திட்டக் கதவுகளைப் பற்றி ஓடாவியார் சொன்னது இது: "பச்ச மரத்தில செஞ்சி மாட்டிட்டுப் போயிருவானுகள். கதவு வளைஞ்ச பொறகு ஆரப் போய்க் கேக்கிற?" ஓடர் கொடுத்தவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர் என்றால் குறையைக் கேட்க ஆள் இருக்காது.

அதை விடப் பெரிய பாடம் அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் இருக்கிறது. சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமி மக்களுக்கென்று 500 வீடுகள் கட்டினார்கள். கூரை, கதவு, யன்னல் எல்லாம் பூட்டியாகிவிட்டது. பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் என்று ஓர் ஊருக்கு வேண்டிய கட்டடங்களும் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்பதில் இனக்கணக்குப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வருடங்களுக்கு மேலாக அந்த வீடுகள் பகிரப்படாமல் காடு மண்டி, கதவும் யன்னலும் சிதைந்து கிடந்தன. பணம் இருந்தது, வீடு இருந்தது, வீடில்லாத மக்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். இன்னாருக்கு இந்த வீடு உரித்து என்று எழுதின ஒரு தாள் மட்டும் இல்லை. அந்தத் தாள் இல்லாமல் 500 வீடும் பாழாயின.

இனி நம் மலைக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டின லயம். அந்த அமைப்பில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கும், யன்னலுக்கு இடமே இராது. ஒற்றை வரிசை லயத்தில் இடம் உண்டு, அனுமதி இல்லை. மகன் கல்யாணம் முடித்தால் சேலையைத் திரையாகக் கட்டிப் பாதி காம்பராவைக் கொடுக்கிறோம். இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்தால் வோர்ச்சர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போகிறார். 2023 ஆகஸ்டில் மாத்தளை, எல்கடுவ, ரத்வத்தைத் தோட்டத்தில் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி உடைத்தெறிந்த காட்சியை நாடே பார்த்தது. மலையகத்தின் 200 வருடத்துக்கு விழா எடுத்துக்கொண்டிருந்த அதே வருடம்!

"லயம் கம்பனிச் சொத்து" என்கிறார்களே, அது சரியா? காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது காணி விற்கப்படவில்லை, 53 வருடக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. கம்பனியும் ஒரு குடியிருப்பாளன்தான். அவன் வந்தது அன்று. நம் பாட்டன் பூட்டன் வந்தது எந்தக் காலம்? குத்தகைக்காரன், நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைபடும் குடும்பத்தைப் பார்த்து "சுவரில் கை வைக்காதே" என்கிறான். நம் பாட்டன்மார் நட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் லொறி லொறியாக விலைக்குப் போகின்றன. அதில் ஒரு நிலைக்குச் சட்டம் அறுக்க நமக்கு உரிமை இல்லை.

துரைமார் ஒரு நியாயம் சொல்வார்கள்: கண்டபடி கட்டினால் வடிகால் அடைபடும், மண் சரியும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. மண்சரிவு விளையாட்டு இல்லை. அதற்குத்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பிரதேச சபை இருக்கிறது. கல்முனைத் தொழிலாளி மாநகர சபைக்குப் பிளான் கொடுப்பதைப் போல நாமும் சபைக்குக் கொடுக்கிறோம். இடம் ஆபத்தானது என்று இஞ்சினியர் சொன்னால் கேட்டுக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் ஆளிடம் எதற்காகக் கேட்க வேண்டும்? பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த சட்டமும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. சபை வரலாம். வரவழைப்பது நம் கையில்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்று இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக மிச்சக் காணியில் மகனுக்கோ மகளுக்கோ ஓர் அறை எடுக்கலாம். ஆனால் சாவி கொடுக்கும் படத்தில் நிற்கப் போட்டி போட்ட தலைவர்கள், எங்கள் சங்கத்துத் தலைவர்களும் சேர்த்துத்தான், உறுதியை அதே மேடையில் கேட்டார்களா? அதற்கு முன்னால் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டக் கொடுத்து வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்கள் எத்தனை பேர் இன்னும் உறுதி இல்லாமல் இருக்கிறார்கள்! உறுதி இல்லாத வீட்டில் நாம் கூட்டிக் கட்டும் ஒவ்வொரு அறையும் அடுத்தவன் காணியில் நம் காசு.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து இந்த மூன்றையும் மேசையில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தீர்மானம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒன்று, வீடு கொடுக்கும் நாளிலேயே உறுதியும் கொடுக்கப்பட வேண்டும், கணவன் மனைவி இருவர் பெயரிலும். இரண்டு, யன்னல், கதவு, கூரை, அடுப்படி திருத்துவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை என்று எழுத்தில் வர வேண்டும். மூன்று, கூட்டிக் கட்டும் அறைக்குச் சபையும் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

அந்த நாள் வருமுன் இன்னொன்றையும் பழகிக்கொள்வோம். உறுதி உள்ள ஒரு சிலர் இப்போதே டவுனில் ஓடர் கொடுக்கிறார்கள், ஏமாறுகிறார்கள். வாய்ப் பேச்சில் காசு கொடுக்காதீர்கள். என்ன மரம், எத்தனை அங்குலத் தடிப்பு, என்ன அளவு, பிணைச்சலும் பூட்டும் சேர்த்தா, கொண்டுவந்து பூட்டித் தருவதும் சேர்த்தா, எந்தத் திகதி என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். பச்சை மரம் வேண்டாம். நம் பனியிலும் மழையிலும் காய்ந்த மரமே ஊதும், பச்சை மரம் காயும்போது வளைந்து வெடிக்கும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஓடர் கொடுத்தால் விலையும் குறையும், பாசும் தவணை தப்ப யோசிப்பார். இதை மாதர் சங்கங்கள் கையில் எடுக்கலாம். அளவெடுக்கும்போது வீட்டுப் பெண்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். புகையைக் குடிப்பவர்களுக்குத்தான் யன்னல் எங்கே வர வேண்டும் என்று தெரியும்.

சாய்ந்தமருது உம்மா அடுப்படியில் இருந்து சத்தம் போட்டுச் சொன்ன உயரத்தில் யன்னல் வந்தது. என் அம்மா கேட்ட யன்னலைக் கறையான் தின்றது. இருவரும் கூலிக் குடும்பத்துப் பெண்கள்தான். ஒருவருக்குக் காணி இருந்தது, மற்றவருக்குத் துரை இருந்தார். உங்கள் மகளுக்கு எது இருக்கப் போகிறது என்பதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானியுங்கள்.