புலி பெருகினால் சிறுத்தை எங்கே போகும்?

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் நாட்டில் புலிக் கணக்கு வெளியாகிறது. தேர்தல் முடிவு வெளியாவதைப் போல எந்த மாநிலம் முதலிடம், எந்த மாநிலம் இரண்டாமிடம் என்று நாளிதழ்கள் பட்டியல் போடுகின்றன. 2006-ல் 1,411 என்றிருந்த எண்ணிக்கை, 2022 கணக்கெடுப்பின்படி 3,682 ஆக உயர்ந்திருக்கிறது. 1973-ல் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய புலிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இது பெரிய வெற்றி. அதில் ஐயமில்லை, இந்தியர் என்ற முறையில் பெருமைப்படலாம்.

ஆனால் காடு என்பது புலி மட்டும் குடியிருக்கும் வீடு அல்ல. அதே காட்டில் சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது, நரியும் காட்டுப்பூனையும் இருக்கின்றன. இவையும் இறைச்சி தின்று வாழும் பிராணிகளே. வீட்டுக்குப் பெரியவர் திரும்பி வந்தால் சின்னவர்கள் திண்ணைக்கு நகர்வது போல, புலி பெருகும்போது இவற்றின் நிலை மாறுகிறது. அப்படி நகர்ந்த பிராணி எங்கே போகிறது, அதன் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை வெற்றி விழாக்களில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இக்கட்டுரை.

ஹரித்வார் யாத்திரை போய்வந்த அன்பர்கள் பலர் இருப்பீர்கள். அந்த ஊருக்கு எதிரே, கங்கையின் கிழக்குக் கரையில் இருப்பது ராஜாஜி வனத்தின் சில்லா பகுதி. அங்கே எருமை மேய்த்து வாழ்ந்துவந்த வன குஜ்ஜர் மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட பிறகு, காடு தழைத்தது; மான்கள் பெருகின; புலிகள் திரும்பின. அந்தச் சமயத்தில் ஆராய்ச்சியாளர்கள் தானியங்கிக் காமிராக்களை வைத்துச் சிறுத்தைகளையும் கணக்கெடுத்தார்கள். 2004-05-ல் நூறு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் பத்து என்றிருந்த சிறுத்தைகள், 2007-08-க்குள் இரண்டாகக் குறைந்துவிட்டன. எச்சத்தை ஆராய்ந்தபோது இன்னொரு செய்தியும் தெரிந்தது. சிறுத்தையின் உணவில் வீட்டு விலங்குகளின் பங்கு ஏழு சதவிகிதம் அளவிலிருந்து முப்பதைத் தாண்டிவிட்டது. சிறிய இரைகளின் பங்கும் அதே போல உயர்ந்தது. மானைத் தின்றுகொண்டிருந்த பிராணி, காட்டின் ஓரத்துக்கு வந்து கிராமத்து ஆடு மாடுகளைத் தேட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இதில் வியப்பில்லை. வளர்ந்த ஆண் புலியின் எடை இருநூறு கிலோவைத் தொடும். சிறுத்தைக்கு ஐம்பது, அறுபது கிலோ. எதிர்ப்பட்டால் புலி அதைக் கொன்றும்விடும். ஆகவே சிறுத்தை, புலி நடமாடாத இடத்தையும் நேரத்தையும் பார்த்துத் தன் பிழைப்பை நடத்துகிறது. மரமேறும் திறமை அதைக் காப்பாற்றுகிறது. மரத்தைவிட அதிகமாகக் காப்பாற்றுவது, எதையும் தின்று எங்கும் வாழும் அதன் சாமர்த்தியம். புலிக்கு ஒத்துவராத கரும்புத் தோட்டமும், தேயிலைத் தோட்டமும், நகரத்து ஓரமும் சிறுத்தைக்குப் போதும்.

இந்த நியதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியில் நடந்த ஆய்வொன்றில், சிவிங்கிப்புலிக் குட்டிகளில் நூற்றுக்கு ஐந்துதான் தாயைப் பிரிந்து தனித்து வாழும் வயதை எட்டின. இறந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். (நம்மவர் பலர் சீட்டாவையும் சிறுத்தை என்றே சொல்கிறோம், அது சிவிங்கிப்புலி, வேறு பிராணி.) 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தபோது, அவற்றுக்காக வேலியிட்ட அடைப்புக்குள் இருந்த சிறுத்தைகளை வெளியேற்றப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. ராஜாஜியில் விரட்டப்பட்ட அதே சிறுத்தை, குனோவில் விரட்டும் இடத்தில் இருக்கிறது. யார் பெரியவர், யார் சிறியவர் என்பது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் புலிகளைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல வருகிறேனா? இல்லவே இல்லை. கர்நாடகத்து நாகரஹொளெ காடு இதற்கு நல்ல விடை தருகிறது. அங்கே உல்லாஸ் கரந்த், மெல்வின் சன்குவிஸ்ட் இருவரும் செய்த ஆய்வை 1995-ல் வெளியிட்டார்கள். ஒரே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் நன்றாகவே வாழ்ந்துவந்தன. காரணம் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தது. புலி பிடித்த இரையின் சராசரி எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல், செந்நாய்க்கு நாற்பத்து மூன்று, சிறுத்தைக்கு முப்பத்தெட்டு. காட்டெருமையும் கடமானும் புலிக்கு, புள்ளிமானும் சிறு விலங்குகளும் மற்ற இரண்டுக்கும் எனப் பெரும்பாலும் பிரிந்துபோயின. பந்தியில் பதார்த்தம் நிறைய இருந்தால் சண்டை குறைவு. பெரிய இரை குறைந்துபோன காட்டில் புலியும் புள்ளிமானுக்கே வரும். அப்போது சிறுத்தை வெளியேறத்தான் வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு காப்பகத்தின் வெற்றியைப் புலித் தலைகளை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். அங்கே கடமான் எத்தனை, செந்நாய் எத்தனை, சிறுத்தை எங்கே நகர்ந்தது, ஓரத்துக் கிராமத்தில் எத்தனை ஆடு போயிற்று என்ற கணக்கையும் அதே நாளில், அதே மேடையில் சொல்லுங்கள். சிறுத்தைகளின் கணக்கும் வெளியாகத்தான் செய்கிறது. 2018-ல் நாடு முழுதும் 12,852, 2022-ல் 13,874. தமிழ்நாட்டில் 868-லிருந்து 1,070. ஆனால் இமயமலை அடிவாரத்தையும் கங்கைச் சமவெளியையும் சேர்ந்த பகுதியில் 1,253 என்பது 1,109 ஆகக் குறைந்திருக்கிறது. இதற்குப் புலி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. திருட்டு வேட்டையும் சாலை விபத்தும் உண்டு. எனினும் இந்தச் செய்தி எத்தனை பேர் கண்ணில் பட்டது?

இரண்டாவது, ஓரத்தில் வாழும் ஏழைக்கு உரியதை உடனே கொடுக்க வேண்டும். ஆட்டைச் சிறுத்தை அடித்தால் அரசு நஷ்டஈடு உண்டு. ஆனால் பஞ்சநாமா, கையெழுத்து, அலுவலகம் என்று அலைவதற்கு ஒரு கூலியாள் எத்தனை நாள் வேலையை விடுவான்? ஊரெல்லாம் புலிக்காகப் பெருமைப்படுகிறது. அந்தப் பெருமையின் வாடகையை இரண்டு ஆடு வைத்திருக்கும் ஒருவன் கட்டிக்கொண்டிருக்கிறான். இது நியாயமில்லை. பணம் தாமதமானால் செத்த ஆட்டின் மேல் விஷம் தடவப்படும். பிறகு சிறுத்தை மட்டுமல்ல, நரியும் கழுகும் சேர்ந்தே சாகும்.

மூன்றாவது, கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதை நிறுத்த வேண்டும். ஊருக்குள் சிறுத்தை தென்பட்டவுடன் எல்லோரும் கேட்பது இதைத்தான். புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் 2001-க்குப் பின் இதைப் பெருமளவில் செய்து பார்த்தார்கள். வித்யா அத்ரேயாவும் உடன் பணிசெய்தவர்களும் அதை ஆராய்ந்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி நான்காக இருந்த மனிதர் மீதான தாக்குதல், பதினேழாக உயர்ந்துவிட்டது. சொந்த இடத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட பிராணிக்குப் புது இடம் தெரியாது. அங்கே ஏற்கெனவே வேறொரு சிறுத்தையோ புலியோ இருக்கும். பிழைப்புத் தேடி ஊர் மாறி வந்த நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, நாமே செய்யக் கூடியது. மும்பையில் முலுண்ட், தானே, போரிவலி பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குடியிருப்புகளுக்குப் பின்னாலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சுமார் நூறு சதுர கிலோமீட்டர்தான். சஃபாரியில் அடைபட்டவை தவிர அங்கே புலி கிடையாது, சிறுத்தையே ராஜா. இங்கே அடுத்த படியில் இருப்பது தெருநாய். மும்பைச் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாக 2018-ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. நாயை இழுப்பது நம் குப்பை; சிறுத்தையை இழுப்பது நாய். கண்ணி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் நம் சொசைட்டியின் பின்சுவரில் தொடங்குகிறது.

இதில் விளையாட்டு இல்லை. 2022 அக்டோபரில் ஆரே காலனியில் ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்றது, குழந்தை பிழைக்கவில்லை. அப்படிப் பறிபோகும் உயிர்கள் பெரும்பாலும் காட்டை ஒட்டிய பாடாக்களில், விளக்கும் கழிப்பறையும் சரியாக இல்லாத வீடுகளில் வாழ்பவர்களுடையவை. பத்தாவது மாடியில் இருப்பவர்களுடையவை அல்ல. பத்தாவது மாடிக் குப்பைக்குப் பாடாக் குழந்தை விலை கொடுக்கலாமா?

எனவே அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டையோடு இதையும் பேசுங்கள். குப்பையை மூடிய தொட்டியில் போட்டு அன்றன்றே அகற்றுவது, பின்பக்கத்தில் விளக்குப் போடுவது, நாய்களுக்கு அங்கே மிச்சச் சோறு கொட்டாதிருப்பது, இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே விடாதிருப்பது. இவை சின்ன வேலைகள்தான். பக்கத்துப் பாடாவில் தெருவிளக்குக்கு மனுக் கொடுக்கும்போது நம் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

புலி பெருகட்டும். ஆனால் அது பெருகும் இடத்தில் மானும் பெருகட்டும். தள்ளப்பட்ட சிறுத்தைக்கு ஒதுங்க ஓர் இடமும், அது ஒதுங்கிய இடத்து ஏழைக்குப் பாதுகாப்பும் கிடைக்கட்டும். அடுத்த புலிக் கணக்கு வரும்போது இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.