பக்கத்தில் ஒருத்தர், பேசாமல்!

ஐப்பசி பிறந்தால் தாராசுரத்தில் அரசலாற்றுக் கரைக்கு இரண்டு கோஷ்டி வரும். ஒன்று, 'காவிரியின் கிளைதானே, புண்ணியத்தில் கொஞ்சம் இங்கேயும் வந்திருக்கும்' என்று துலா மாசக் குளியலுக்கு வருகிற கோஷ்டி. இன்னொன்று, அவர்கள் ஒவ்வொரு தடவை முழுகும்போதும் பல்லைக் கடிக்கிற கோஷ்டி. இவர்கள் தூண்டில்காரர்கள். "மாமா, மீன் மிரளுது. கொஞ்சம் அந்தப் பக்கமா போய் முழுகுங்களேன்" என்று இவர்கள் கெஞ்சுவதும், "ஆறு என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பதும் வருஷா வருஷம் நடக்கும்.

நம் ஊரில் தூண்டில் போடுகிறவனுக்கு மரியாதை கம்மி. வேலையில்லாதவன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், இந்த இரண்டில் ஒரு பட்டம் நிச்சயம். வள்ளுவர்கூட சூதாட்டத்தில் ஜெயிப்பதைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்குத்தான் ஒப்பிட்டிருக்கிறார். மூதுரையில் பெரிய மீனுக்காகக் காத்து நிற்கும் கொக்குக்கு ஔவை நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாள். அதே வேலையை மனுஷன் செய்தால் சோம்பேறி!

வெள்ளைக்காரன் சமாசாரம் வேறே. லண்டனில் இரும்புக்கடை வியாபாரத்தில் இருந்தவர் என்று சொல்லப்படும் ஐசக் வால்ட்டன், 1653-ல் தூண்டில் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். முந்நூற்றெழுபது வருஷம் தாண்டியும் அது அச்சில் இருக்கிறது. 'சிந்திக்கிற மனிதனின் பொழுதுபோக்கு' என்று தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார். ஆற்றங்கரை, தனிமை, அமைதி இவற்றுக்கெல்லாம் அதுதான் வேதப்புத்தகம் என்பார்கள். ஆனால் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை. புத்தகம் முழுக்கப் பேச்சு! தூண்டில்காரர் ஒருவர் வழியில் சந்தித்தவரோடு பேசிக்கொண்டே போகிறார். சாப்பிடும்போது பேச்சு, மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினால் பேச்சு.

வால்ட்டனுக்கு சார்லஸ் காட்டன் என்று ஒரு சிநேகிதர். முப்பத்தேழு வயசு சின்னவர். இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு ட்ரௌட் மீனை ஏமாற்றுகிற வித்தையில் காட்டன் கெட்டிக்காரர். 1676-ல் வால்ட்டன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் அந்த வித்தையைத் தனிப் பகுதியாக எழுதிச் சேர்த்தவர் அவர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1674-ல், டவ் நதிக்கரையில் மீன் பிடிக்கவென்றே ஒரு சின்னக் கல்வீடு கட்டினார். வாசல் மேலே தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வால்ட்டன் பெயரின் முதல் எழுத்துகளையும் பின்னிச் செதுக்கி வைத்தார். தனிமையைத் தேடி ஆற்றுக்குப் போனவர் வாசலில் இரண்டு பேர் பெயர்!

அந்த ட்ரௌட் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஊட்டியில் குளிருக்கு இதமாகக் கோட்டு மாட்டிக்கொண்ட துரைகளுக்குச் சொந்த ஊர் மீன் இல்லாமல் மனசு ஆறவில்லை. பல முயற்சி தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வில்சன் என்ற அதிகாரி மூலம் நீலகிரி ஓடைகளில் அது நிலைத்தது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும் அந்த மீனுக்கு. அரசலாற்றில் விட்டால் வெயில் ஏறுவதற்குள் வைகுண்ட பதவிதான்.

நமக்கு ட்ரௌட் வேண்டாம். விரால் இருக்கிறது, கெண்டை இருக்கிறது, கெளுத்தி, ஆரால், குறவை எல்லாம் இருக்கிறது. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்திறங்கிய திலேப்பியா, 'ஜிலேபி' என்று செல்லப்பெயர் வாங்கிக்கொண்டு எந்தக் குளத்தில் முள்ளைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறது.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது கணக்கு. 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதி பொய்த்தது. 2020-ல் சொன்ன நாளில் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. எப்போது திறந்தாலும், மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் ஆற்றில் கைகோர்த்துக்கொள்ளும்போது அரசலாறு டீக்கலரில் ஓடும். ஒரு மூங்கில் கழி, பத்து முழம் தங்கூஸ், ஒரு முள், ஒரு ஈயக்குண்டு, ஒரு தக்கை. கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் உதவாது, வாசனைதான். அதனால் மண்புழு. விராலுக்கு மட்டும் குட்டித் தவளை. இதற்குமேல் முதலீடு கிடையாது. பொறுமை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரவேண்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். தூண்டிலுக்குத் தனியாகப் போவதா, துணையோடு போவதா?

"தனியாப் போனாத்தான் சார் நிம்மதி" என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதல் சிக்கல், சாட்சி. தப்பித்த மீன் முழங்கை நீளம் என்று சொன்னால், வீட்டில் உள்ளங்கையைத்தான் நம்புவார்கள். இது இன்று நேற்றைய கஷ்டமில்லை. 1791 நவம்பரில், அதாவது இதே மழைக்காலத்தில், நம் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினென்ட், பனைமரத்தின் வெடிப்பில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். நாம் பனையேறிக் கெண்டை என்கிறோமே, அதுதான். 1797-ல் லண்டனில் அச்சே ஆனது. செவுள் முள்ளை ஊன்றி அது தரையில் நகர்வதை விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்டார்கள். மரம் ஏறியதை மட்டும் இன்னும் முழுசாக நம்பவில்லை. காக்கா கொத்திக்கொண்டு போய் வைத்திருக்கும் என்கிறார்கள்! லெப்டினென்ட் சொன்னதற்கே இந்தக் கதி என்றால், நம்மைக் கேட்கவா வேண்டும்?

இரண்டாவது சிக்கல் விளையாட்டில்லை. ஐப்பசி ஆறு பார்க்கத்தான் சாது. உள்ளே கரையை அரித்துக்கொண்டே போகும். மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் மண் இருக்காது. மேல்மடையில் ஷட்டரைத் தூக்கினால் முட்டளவு தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். முள் மாட்டிக்கொண்டதென்று ஒரு படி இறங்கினவர் திரும்பி ஏறவில்லை என்ற செய்தியை டெல்டாக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். "ஐயோ" என்று கத்த ஒரு ஆள் கரையில் வேண்டும்.

ஆனால் துணைக்கு உண்மையான காரணம் இந்த இரண்டும் இல்லை. அது எனக்குப் புரிந்தது தாராசுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரைப் பார்த்துத்தான்.

அவருக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தவர். மழைநாளில் தெருவில் பாவு விரிக்க முடியாது. நூல் ஈரம் கோத்துக்கொண்டு அறுந்து அறுந்து உயிரை வாங்கும். அந்த மாதிரி நாளில் தறியை நிறுத்திவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். கூட ஒரு தபால்காரர். இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாகப் போனவர்கள். தறிக்காரருக்கு நாள் பூராவும் காதில் 'தடக் தடக்'. தபால்காரருக்கு வீட்டுக்கு வீடு பேச்சு. அதனால் கரையில் இரண்டு பேரும் பேசமாட்டார்கள். ஒரு புங்கமரத்தடி தபால்காரர் இடம். பத்தடி தள்ளி ஒரு கருங்கல் இவர் இடம். காலையிலிருந்து மத்தியானம் வரை மொத்த உரையாடல் இவ்வளவுதான்:

"கடிக்குதா?"

"ம்ஹும்."

"போலாமா?"

"போலாம்."

இதற்கு எதற்கு ஒரு துணை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு புரட்டாசியில் தபால்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சுவலி. அடுத்த மாசம் வழக்கம்போல மழை பிடித்தது. இவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"தக்கை முங்குச்சு சார். நல்ல இழுப்பு. விராலாத்தான் இருக்கணும். கை தானா கழியைத் தூக்கிடுச்சு, கண்ணு தானா புங்கமரத்துப் பக்கம் போயிடுச்சு. அங்க யாரு இருக்கா? மீன் வந்தா திரும்பிப் பாக்க ஒரு ஆளு வேணும் சார். பேசவெல்லாம் வேணாம்."

கழியைச் சுருட்டிக்கொண்டு வந்தவர், அதைப் பரணில் போட்டார். இரண்டு ஐப்பசி அது இறங்கவே இல்லை. மழைநாளில் நின்ற தறிமேலேயே சாய்ந்து வெறுமே உட்கார்ந்திருப்பார். "ஆத்துக்குத்தான் கொஞ்சம் போயிட்டு வாங்களேன்" என்று, முன்பு அதற்காகவே சண்டை போட்ட மனைவி இப்போது கெஞ்சினார்.

மூன்றாம் வருஷம் தீபாவளிக்குப் பேரன் வந்தான், ஒன்பது வயசு. பரணில் பட்டாசு தேடியவன் தூண்டிலைக் கண்டுபிடித்துவிட்டான். விடுவானா? தாத்தாவை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனான். வாய் ஓயவில்லை. மீன் தூங்குமா தாத்தா? மீனுக்கு ஜலதோஷம் பிடிக்குமா தாத்தா? முதல் நாள் ஒரு கெண்டை பக்கத்தில் வரவில்லை. எப்படி வரும்? இரண்டாம் நாள் பையன் ஓடிப்போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தான்.

"டேய், அங்க உக்காராதே!"

"ஏன் தாத்தா?"

இவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்திருக்கிறார். அப்புறம், "சரி, உக்காரு. வேர்மேல கால வைக்காத, வழுக்கும்" என்றாராம்.

மூன்றாம் நாள், அதிசயமாகப் பையன் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "கடிக்குதா தாத்தா?" என்று கேட்டான்.

"ம்ஹும்" என்றார் இவர். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் சரியில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு மழைமேல் பழியைப் போட்டார்.

பேசுவதற்குத் துணை கிடைப்பது சுலபம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில்கூடக் கிடைக்கும். நம்மோடு சேர்ந்து பேசாமல் இருக்கிற துணைதான் அபூர்வம். ஆற்றங்கரையில் மனுஷன் தேடுகிற தனிமைக்கே அப்படி ஒருத்தர் பக்கத்தில் தேவைப்படுகிறது. அந்த ஒருத்தர் போன பிற்பாடு மிஞ்சுவது வேறே. அதற்குத் தனிமை என்று பெயர் வைக்க முடியாது.

தாராசுரத்தில் இருந்துகொண்டு கோயிலைச் சொல்லாமல் முடியுமா? இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சாண் அளவு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த அறுபத்துமூவரில் மீன்காரர் ஒருவர் உண்டு. நாகப்பட்டினத்து அதிபத்தர். தினமும் வலையில் வருகிற மீன்களில் ஒன்று சிவனுக்கு என்று கடலில் விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் வந்த நாளிலும் அதை விட்டார். குடும்பம் பட்டினி. கடைசியில் தங்க மீன் ஒன்று வந்தது. அதையும் விட்டார். 'பிடித்த மீனைத் திருப்பி விடுவதே நாகரிகம்' என்று இப்போது மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஆள் எப்போதோ செய்தாயிற்று. நடுக்கடலிலும் அவருக்குத் திரும்பிப் பார்க்க ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த ஐப்பசிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. தண்ணீர்மேல் செக்கச்செவேலென்று பொடிக் குஞ்சுகள் கும்பலாக மேலே வந்து வந்து போனால், அது விரால் குஞ்சு. கீழேயே பெரிய விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் கிட்டே வருகிற எதையும் அது பாய்ந்து கடிக்கும். பிடிப்பது சுலபம், ஆனால் காவல் போனால் கும்பல் மொத்தமும் மற்ற மீனுக்குப் பலகாரம். ஒரு வேளைக் குழம்புக்கு அவ்வளவு விலை வேண்டாம்.

இரண்டாவது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். மீனே கிடைக்காமல் வழியில் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினாலும், "ஆத்துல பிடிச்சதுதான்" என்று வீட்டில் சொல்ல ஒரு சாட்சி தேவைப்படும். வழியில் அவருக்கு ஒரு டிகிரி காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் இருப்பார்!