மழை வெள்ளத்தோடு ஏரிக்குப் போகும் உரம்

ஏரி நீர் கெட்டுவிட்டால் நகரத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் குறை கூறுவது வழக்கம். பல ஊர்களில் அது உண்மையே. ஆனால் ஆலையும் நகரமும் அருகில் இல்லாத ஏரிகளிலும் பாசி படர்கிறது, ஆகாயத்தாமரை மண்டுகிறது. அவற்றுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? வீட்டுக் கழிவுநீர் ஒரு பங்கு. மற்றொரு பங்கு, மேட்டு நிலங்களிலிருந்து மழை வெள்ளம் அடித்து வரும் உரமும் எருவும் வண்டலுமாகும்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது யூரியாவை வீசிவிடும் பழக்கம் மானாவாரி நிலங்களில் இன்னும் உள்ளது. தூறலாயின் உரம் மண்ணில் இறங்கும். ஐப்பசியில் கொட்டும் மழையாயின், கரைந்த யூரியா வரப்பைத் தாண்டி ஓடிவிடும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. மானிய விலையில் கிடைப்பதால் இழப்பு உடனே உறைப்பதில்லை. பயிர் வெளுத்து, மறு மூட்டை வாங்கும்போதுதான் உறைக்கிறது. மழை ஓய்ந்து நிலம் பதமாக இருக்கையில் வேரருகே இட்டு மண் அணைப்பதே சரியான முறை. நெல் வயலில் நீரை வடித்து, சேற்றுப் பதத்தில் மேலுரமிட்டு, மடையை அடைத்துவிட வேண்டும். கனமழை அறிவிப்பு இருந்தால் இரண்டு நாள் பொறுப்பதால் பயிர் கெட்டுவிடாது.

மணிச்சத்தின் போக்கு வேறு. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வண்டலாகவே போகிறது. ஆகவே மண்ணைத் தடுத்தால் அதையும் தடுத்தவாறாகும். 2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் பல ஏரிகள் தூர்வாரப்பட்டன. மேலே வரப்பில்லாத நிலம் இருக்கும்வரை அந்த வேலை சில ஆண்டுகளுக்குத்தான் தாங்கும். வரத்துக்கால்வாயின் கரையையும் சேர்த்து உழுதுவிடுவோர் பலர் (அது புறம்போக்கு என்பது அவர்களுக்குத் தெரியாததன்று). அந்தக் கரையில் நான்கைந்து அடி அகலத்துக்கு வெட்டிவேரோ கொழுக்கட்டைப்புல்லோ இருந்தால் ஓடிவரும் நீரின் வேகம் குறைந்து வண்டல் அங்கேயே தங்கும். கொழுக்கட்டைப்புல் மாட்டுக்குத் தீவனமும் ஆகும். நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே உழுவதற்குத் தனிச் செலவில்லை.

தெளிப்பானை வாய்க்காலில் அலசுவது மன்னிக்கத்தக்கதன்று. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். அதே நீரைத்தான் மாடு குடிக்கிறது. காலியான புட்டியை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, மருந்தடித்த வயலுக்கே தெளித்துவிடலாம்.

இதற்குச் சட்டம் வேண்டும் என்பார் உளர். வரப்புக்கு ஒரு காவலரை நிறுத்த இயலாது. மேட்டு நிலத்தாருக்கும் ஆயக்கட்டுதாரருக்கும் பேச்சுவார்த்தை இருப்பதே பயன் தரும். இன்று பல ஊர்களில் அது இல்லை. மேட்டில் உள்ளவருக்கு ஏரியால் பாசனமில்லை. அவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. எனவே வரப்பு போடும் கூலியில் ஒரு பகுதியை ஆயக்கட்டுதாரர் ஏற்பது தகும். மீன் குத்தகைப் பணத்திலிருந்தும் அதைத் தரலாம். கீழே ஏரி கெட்டால் முதலில் குறைவது அந்தப் பணந்தான்.

இவ்வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்தல் வேண்டும். எருக்குழி வாய்க்காலை ஒட்டி இருந்தால் மேட்டுக்கு மாற்றி, சுற்றிலும் ஒரு முழ உயரம் மண் அணை போடுக. வயலில் குவித்த குப்பையைக் குவியலாகவே விட்டுவைக்காமல் உடனே இறைத்து உழுதுவிடுக.