பட்டியலைப் போலீசுக்கு எழுதுங்கள்

மேற்படிப்புக்காக அமெரிக்கா கிளம்பும் தம்பி ஒருவர் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு காணொளியைக் கொண்டுவந்தார். துப்பாக்கி உரிமம் உள்ளவர் கார் ஓட்டிப் போகும்போது போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் அதில் வரிசையாகச் சொல்லித் தருகிறார். தம்பிக்குத் துப்பாக்கி வாங்கும் எண்ணமில்லை. மாணவர் விசாவில் போகிறவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடம் தருவதும் இல்லை. அவர் கேட்டது வேறு. "இதெல்லாம் சரியா செஞ்சா ஒண்ணும் ஆகாதா, தோழர்?"

அன்றைக்கு எங்களால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். சைரன் விளக்கு தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்து. இன்ஜினை அணை. இரவாக இருந்தால் உள்விளக்கைப் போடு. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வை. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று ஆரம்பிக்காதே, "உரிமம் வைத்திருக்கிறேன்" என்று ஆரம்பி. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல். அடுத்து என்ன செய்யட்டும் என்று கேள். கேட்காமல் கையை நகர்த்தாதே. துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் பர்ஸை வைக்காதே. துப்பாக்கியைத் தொடாதே. அதிகாரி அதை எடுத்து வைத்துக்கொள்ள விரும்பினால் தடுக்காதே.

நல்ல அறிவுரைதான். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மிச்சிகனில் போலீஸ் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிட வேண்டும். மின்னசோட்டாவில் கேட்டால் உரிம அட்டையைக் காட்டினால் போதும். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் துப்பாக்கியோடு வெளியே போகலாம். வீட்டுக்கு வெளியே ஆயுதம் ஏந்திச் செல்வது அரசியல் சட்ட உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, இது அங்கே சட்டப்படியான, அன்றாடமான விஷயம். நம் ஊரில் ஹெல்மெட் போடாதவரை நிறுத்துவதுபோல.

இப்போது 2016 ஜூலை 6க்கு வருவோம். மின்னசோட்டாவில் செயின்ட் பால் நகரத்தை ஒட்டிய ஃபால்கன் ஹைட்ஸ். ஃபிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக் கருப்பினத்தவர் கார் ஓட்டி வருகிறார். ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளர். எந்தக் குழந்தையின் பெயர் என்ன, யாருக்குப் பால் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று பள்ளியில் அவரோடு பழகியவர்கள் பிறகு சொன்னார்கள். பக்கத்தில் அவருடைய தோழி டயமண்ட் ரெனால்ட்ஸ், பின் இருக்கையில் தோழியின் நான்கு வயது மகள். பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஹெரோனிமோ யானெஸ் என்ற போலீஸ் அதிகாரி நிறுத்துகிறார். நிறுத்துவதற்கு முன் வயர்லெஸ்ஸில் அவர் சொன்ன காரணம் இன்னொன்று. ஓட்டுகிறவர் கொள்ளை வழக்கில் தேடப்படும் ஆளைப்போல் இருக்கிறார், அகன்ற மூக்கு.

அதிகாரி உரிமமும் காப்பீட்டுச் சீட்டும் கேட்கிறார். காஸ்டில் காப்பீட்டுச் சீட்டைக் கொடுக்கிறார். பிறகு, "சார்" என்று அழைத்து, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறார். மின்னசோட்டா சட்டப்படி, கேட்காதபோது அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சொன்னார். எடுக்காதே என்கிறார் அதிகாரி. எடுக்கவில்லை என்கிறார் காஸ்டில். எடுக்கவில்லை என்று தோழியும் சொல்கிறார். அடுத்த சில விநாடிகளில் ஏழு குண்டுகள். ஐந்து அவர் உடம்பில் பாய்ந்தன. பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ரெனால்ட்ஸ் ஃபேஸ்புக்கில் நேரலை போட்டதால்தான் உலகத்துக்கே தெரிந்தது. காஸ்டிலிடம் துப்பாக்கிக்கான உரிமம் இருந்தது. துப்பாக்கி அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது.

இதைச் சொன்னதும் பட்டியல் பேசுபவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். "உரிமம் என்ற சொல்லை அவர் முதலில் சொல்லவில்லை." "கையை ஸ்டியரிங்கிலேயே வைத்திருக்க வேண்டும்." "காரில் கஞ்சா வாடை இருந்தது."

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடு என்றதும் அதிகாரி. எதையும் எடுக்காதே என்றதும் அதே அதிகாரி. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் கை உலகத்தில் யாருக்கு இருக்கிறது? கையை நகர்த்தினால் ஆயுதத்தை எடுக்கிறான், நகர்த்தாவிட்டால் சொன்னதைக் கேட்கவில்லை. கஞ்சாவுக்கு வருவோம். குழந்தையை வைத்துக்கொண்டு கஞ்சா புகைக்கிறவன் என் உயிரைப் பற்றி என்ன கவலைப்படுவான் என்று தோன்றியதாக யானெஸ் விசாரணையில் சொன்னார். ஒரு வாடையை வைத்து ஒருவரின் குணத்தை எழுதி, அந்தக் குணத்தை வைத்து மரண தண்டனையும் எழுதிவிட்டார். இதற்கு எந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

2017 ஜூன் 16 அன்று நடுவர் குழு யானெஸைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் பயந்தார், அந்தப் பயம் நியாயமானது என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதத்தின் சாரம். தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். காஸ்டிலும் பயந்திருப்பார் அல்லவா? பதின்மூன்று ஆண்டுகளில் 40 தடவைக்கு மேல் சாலையில் நிறுத்தப்பட்ட மனிதர் அவர். பெரும்பாலும் அற்பக் காரணங்கள். அவருடைய பயத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சீருடை போட்டவரின் பயத்துக்கு மட்டும் ஏழு குண்டுகளின் மதிப்பு.

அது ஏதோ ஒரு விபத்து என்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். 2020 டிசம்பர், வர்ஜினியா மாநிலத்தின் விண்ட்சர் என்ற சிற்றூர். கேரன் நசாரியோ ராணுவ லெப்டினன்ட். கருப்பு, லத்தீன் இனப் பின்னணி கொண்டவர். ராணுவச் சீருடையிலேயே வண்டி ஓட்டி வருகிறார். போலீஸ் விளக்கு தெரிந்ததும் இருட்டில் நிறுத்தாமல், மெதுவாக ஓட்டிப்போய் வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறார். வெளிச்சமான இடத்தில் நிறுத்து என்பது அந்தப் பாதுகாப்புப் பாடங்களில் எல்லோரும் சொல்வதுதான். அதையே தப்பிக்கப் பார்த்ததாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு துப்பாக்கிகள் அவரை நோக்கி நீள்கின்றன. இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி, இறங்கப் பயமாக இருக்கிறது என்கிறார். பயப்படத்தான் வேண்டும் என்ற பொருளில் பதில் வருகிறது. முகத்தில் மிளகுத் தூள் ஸ்பிரே அடிக்கிறார்கள். நாட்டின் ராணுவச் சீருடையே அவரைக் காப்பாற்றவில்லை. அப்புறம் உள்விளக்கா காப்பாற்றும்?

மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 ஆகஸ்டில் கெனோஷா நகரத்துப் போராட்டத்தின்போது கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற 17 வயது வெள்ளை இளைஞர் மூன்று பேரைச் சுட்டார், இருவர் இறந்தார்கள். நீளத் துப்பாக்கி மார்பில் தொங்க, கையைத் தூக்கியபடி போலீஸ் வாகனங்களை நோக்கி நடந்து வந்தார். வாகனங்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டன. அவர் வீட்டுக்குப் போனார். தற்காப்புக்குச் சுட்டதாக ஏற்று நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. சுட்டது இவர்தான் என்று தெரியாது என்றது போலீஸ். தெரியாதபோது ஒருவரைக் கடந்து போவதும், தெரியாதபோது ஒருவரைச் சுட்டுவிடுவதும் தோலைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

துப்பாக்கி உரிமைக்காக நாடாளுமன்றத்தையே ஆட்டிவைக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் காஸ்டிலுக்கு என்ன செய்தது? இரண்டு நாள் கழித்து, பெயர் சொல்லாமல் ஒரு மழுப்பல் அறிக்கை. பின்னர் அதன் பேச்சாளர் வாயைத் திறந்தபோதும், கஞ்சா வைத்திருந்ததால் அவர் துப்பாக்கி வைத்திருந்ததே சட்டத்துக்குள் வராது என்றுதான் சொன்னார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள், சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கியும் கையில் சட்டப் புத்தகமுமாகப் போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். உடனே கலிபோர்னியா சட்டத்தையே மாற்றியது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதிக்கும் மல்ஃபோர்ட் சட்டத்தில் 1967இல் கையெழுத்துப் போட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆதரித்தது அதே ரைஃபிள் சங்கம். அதற்கும் முன்பு, 1956இல், வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் என்று எழுதியிருக்கும். கருப்பர் அதைக் கையில் எடுத்ததும் சட்டம் மாறும், இல்லையென்றால் அவர் பிணமாவார்.

இதை நாம் வேடிக்கை பார்க்கும் இடத்திலிருந்து பேசவில்லை. அந்தச் சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயில் நம்மவர்கள் ஏற்றுக்கொண்டது வெறும் பெயர்ப் பொருத்தத்துக்காக அல்ல. நம் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் மூன்றாம் விதியை நம் மாணவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம், தேவைப்பட்டால் நம் மக்களுக்குத் தற்காப்புக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது அந்த விதி. காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. இதைக் கேட்டு ஒரு சேரி இளைஞர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், முதலில் விசாரிக்கப்படப்போவது ஊரா, அவரா? பதில் உங்களுக்கே தெரியும்.

எல்லோரும் துப்பாக்கி வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயுதம் நம்மைக் காப்பாற்றும் என்ற கனவும் எங்களுக்கு இல்லை. காஸ்டிலின் பையில் இருந்த துப்பாக்கி அவரைக் காப்பாற்றவில்லை, அதைக் காரணம் காட்டித்தான் அவரைக் கொன்றார்கள். நாங்கள் கேட்பது, எப்போதும் நிறுத்தப்படுகிறவருக்கே ஏன் ஒழுக்கப் பாடம் என்பதுதான். இரவில் பைக்கில் வரும் நம் பையன்களை நிறுத்தி "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்கும்போது அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று அவர்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். வீட்டில் அம்மா சொல்லி அனுப்புகிறார், "எதிர்த்துப் பேசாத, கையைக் கட்டி நில்லு." அமெரிக்கக் கருப்பினத் தாயும் மகனிடம் இதைத்தான் சொல்கிறார். அந்தத் தாய்மார்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதைவிடப் பெரிய அரசியல் அவர்களுக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனால் டெக்சஸ் மாநிலம் 2017இல், போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சட்டமே போட்டது. தாயின் பயத்தை அரசாங்கம் பாடத்திட்டம் ஆக்கும்போது அது அறிவுரையாக இருப்பதில்லை. நாளைக்கு ஒருவர் செத்தால் "பாடத்தில் சொன்னபடி நடக்கவில்லை" என்று கைகழுவ வழி செய்துகொள்கிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் அமெரிக்காவிலேயே. ஃபிலடெல்ஃபியா நகரம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு விளக்கு எரியவில்லை என்பதுபோன்ற சில சிறு குறைகளுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது, நோட்டீஸ் அனுப்பினால் போதும். அதே ஆண்டில், காஸ்டில் கொல்லப்பட்ட ராம்சே கவுண்டியின் அரசு வழக்குரைஞர் ஜான் சோய், பொதுமக்கள் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத இத்தகைய நிறுத்தங்களில் இருந்து மட்டுமே கிளம்பும் வழக்குகளை நடத்தப் போவதில்லை என்று அறிவித்தார். யானெஸ்மேல் குற்றம் சாட்டியவரும் அவர்தான். காஸ்டிலின் அம்மா வேலரி காஸ்டிலும் அந்த மக்களும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று பேசியதுதான் இதற்கெல்லாம் அடித்தளம். அந்த நிறுத்தமே நடந்திராவிட்டால் கையை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

நம் நாட்டிலும் ஒரு பட்டியல் போலீசுக்கு எழுதப்பட்டிருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதை 2020இல் சாத்தான்குளம் காட்டியது. மீறுகிறவர் தண்டனை பெறும்வரை அது வெறும் காகிதம். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள்.

தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறோம். அங்கே கார் ஓட்டினால், நிறுத்தினால், கையை ஸ்டியரிங்கில் வை. விளக்கைப் போடு. உயிரோடு திரும்பி வா. ஆனால் ஒன்றை மறக்காதே. எல்லாம் சரியாகச் செய்தும் உனக்கு ஏதாவது ஆனால் தவறு உன்னுடையது அல்ல. உன்னோடு அந்தச் சாலையில் நிறுத்தப்படும் கருப்பினத்தவருக்கு ஏதாவது ஆனால், "அவன் என்ன செய்தானோ" என்று நம் ஆட்களே பேசுவார்கள். அந்த வாயை நீ முதலில் அடை. நம்மைப் பற்றியும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.